நாணயம் மாறும்போது சம்பளம் என்ன ஆகும், விலை என்ன ஆகும்?

ஒரு நாடு தன் பழைய பணத்தை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், மாதச் சம்பளக்காரர்களுக்கு எழும் கேள்விகள் இரண்டு. என் சம்பளம் குறையுமா? விலைவாசி ஏறுமா? முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அவ்வளவு உறுதியான பதில் கிடையாது. நாணய மாற்றத்தைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

குரோவேஷியாவை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 1 அன்று அந்த நாடு குனாவிலிருந்து யூரோவுக்கு மாறியது. மாற்று விகிதம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 2022 ஜூலையில், நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது: ஒரு யூரோவுக்கு 7.53450 குனா. மாதம் 9,000 குனா வாங்கியவரின் சம்பளம் 1,194.51 யூரோ ஆனது. எண் சுருங்கிவிட்டதைப் பார்த்து மனம் துணுக்குறலாம். ஆனால் வீட்டு வாடகை, மின்கட்டணம், கடன் தவணை எல்லாமே அதே விகிதத்தில்தான் சுருங்கின. மாற்றம் நடந்த அந்த நொடியில் யாரும் ஏழையாகவோ பணக்காரராகவோ ஆகவில்லை.

இதற்கான அடிப்படை விதி 1997 ஜூனில் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 1103/97 என்ற ஒழுங்குமுறை. சம்பளம் வாங்கும் எவருக்கும் அதில் முக்கியமான இரண்டு கருத்துகள் உண்டு. முதலாவது, ஒப்பந்தங்களின் தொடர்ச்சி. நாணயம் மாறுகிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வேலை ஒப்பந்தத்தையோ, வாடகை ஒப்பந்தத்தையோ, கடன் பத்திரத்தையோ ஒரு தரப்பு தன்னிச்சையாகத் திருத்தவோ முறிக்கவோ முடியாது. "புதுப் பணம் வந்துவிட்டது, புது ஒப்பந்தம் போடுவோம்" என்று முதலாளி சொன்னால், அதை ஏற்கவேண்டிய கட்டாயம் தொழிலாளிக்கு இல்லை. நிலையான வட்டி விகிதமும் அப்படியே தொடரும்.

இரண்டாவது, கணக்குப் போடும் முறை. விகிதத்தில் ஆறு இலக்கங்கள் இருக்கும். அவற்றைச் சுருக்கிப் பயன்படுத்தக் கூடாது. தலைகீழ் விகிதம் (ஒரு குனாவுக்கு எத்தனை யூரோ என்பது) வைத்துப் பெருக்கவும் கூடாது. முதலில் வகுக்கவேண்டும், பிறகு அருகிலுள்ள சென்ட்டுக்கு முழுமையாக்கவேண்டும். சரிபாதி வந்தால் மேலே போகவேண்டும். இது அதிகாரிகளின் பிடிவாதம்போலத் தோன்றலாம். ஒரு குனாவுக்கு 0.13 யூரோ என்று சுருக்கிக்கொண்டு 9,000 குனாவைப் பெருக்கிப் பாருங்கள். 1,170 யூரோதான் வரும். மாதாமாதம் 24 யூரோ 51 சென்ட் காணாமல் போகிறது. அந்தப் பிடிவாதம் காப்பது இதைத்தான்.

மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். மணிக்கு 38 குனா என்றால் வகுத்து முழுமையாக்கினால் 5.04 யூரோ. மாதம் 160 மணி நேர வேலைக்கு 806.40 யூரோ வரும். மொத்தக் கூலியான 6,080 குனாவை நேராக வகுத்தால் 806.95 யூரோ. ஐம்பத்தைந்து சென்ட் வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் மாதம் தவறாமல் தொழிலாளியின் பக்கமே அது குறையுமென்றால் பொறுத்துக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை. மணிக்கூலியைக் கூடுதல் தசம இலக்கங்களோடு எழுதச் சொல்லுங்கள், அல்லது கடைசியில் மொத்தத்தை மட்டும் முழுமையாக்கச் சொல்லுங்கள். எண் 40 குனாவாக இருந்திருந்தால் இதே முழுமையாக்கம் உங்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கும். அதனால் உங்கள் எண்ணை வைத்து நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

இனி விலைக்கு வருவோம். மாற்று விகிதம் ஒரு கடைக்காரர் ஏற்கெனவே வைத்திருந்த விலையை மொழிபெயர்க்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அவர் என்ன விலை வைக்கவேண்டும் என்று அது சொல்வதில்லை. அரசே நிர்ணயிக்கும் கட்டணங்களை விட்டால், மற்ற விலைகள் மாற்றத்துக்கு முந்தின நாளும் சுதந்திரமானவை, மறுநாளும் சுதந்திரமானவை. பத்து குனா காபி சரியான கணக்கில் 1.33 யூரோ. பலகையில் 1.33 என்று எழுதுவது யாருக்கும் பிடிப்பதில்லை. சில்லறை கொடுத்து வாங்கவும் தொல்லை. அது 1.50 ஆகிறது. உயர்வு பதிமூன்று சதவீதம். கீழே 1.30க்கு இறக்குகிறவர்களும் உண்டு, ஆனால் குறைவு.

சின்ன விலைகளில்தான் இது அதிகம் நடக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் விலையைப் பத்து சென்ட் ஏற்றி முழுமையாக்கினால் யாருக்கும் தெரியாது. காபிக்கும் ரொட்டிக்கும் முடிவெட்டுவதற்கும் பத்து சென்ட் என்பது கண்ணுக்குத் தெரியும் உயர்வு. இன்னொரு காரணமும் இருக்கிறது. விலைப்பட்டியலை மாற்றி அச்சடிப்பதற்குச் செலவு உண்டு. நாணய மாற்றத்துக்காக எப்படியும் பட்டியலை மாற்றவேண்டும் என்பதால், பல மாதங்களாகத் தள்ளிப்போட்ட உயர்வை வியாபாரிகள் அன்றைக்குச் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு எப்படியும் வரவிருந்த உயர்வு. மீதிப் பங்கு கிடைத்த வாய்ப்பு.

மொத்தக் கணக்கில் இதன் தாக்கம் சிறியது. யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்த 2002இல் யூரோ நாடுகளின் பணவீக்கம் 2.3 சதவீதம். அதில் நாணய மாற்றத்தால் வந்தது 0.12 முதல் 0.29 சதவீதப் புள்ளி வரை என்று ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் மதிப்பிட்டது. குரோவேஷியாவில் அது ஏறத்தாழ 0.4 புள்ளி என்று மதிப்பிடப்பட்டது. இந்த எண்களைக் காட்டி மக்களின் குறையை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கும் வழக்கம் பொருளாதாரம் பேசுகிறவர்களிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சராசரி என்பது குளிர்பதனப் பெட்டியையும் காபியையும் சேர்த்து எடுப்பது. வருமானத்தின் பெரும்பகுதியை அன்றாடச் சின்னச் செலவுகளுக்கே கொடுக்கும் குடும்பம், ஏறிய பொருள்களையே தினமும் வாங்குகிறது. சம்பளமோ கடைசி சென்ட் வரை துல்லியமாக மாற்றப்பட்டு, அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தை வரை அங்கேயே நிற்கிறது.

கண் ஏமாறுவதும் உண்மைதான். ஜெர்மனியில் ஒரு யூரோ என்பது அதன் பழைய பணத்தில் 1.95583 மார்க். மக்கள் எளிமைக்காக இரண்டால் பெருக்கிப் பார்த்தார்கள். அப்படிப் பெருக்கினால் ஒவ்வொரு விலையும் உண்மையைவிட இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் அதிகமாகத் தெரியும். 2026 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறிய பல்கேரியாவில், அதன் பழைய பணமான லெவ்வுக்கான விகிதமும் இதே 1.95583தான்.

இதற்கு எதிராகச் சட்டம் தரும் முக்கியக் கருவி இரட்டை விலை அறிவிப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய பணத்திலும் புதிய பணத்திலும் விலை எழுதியிருக்கவேண்டும். குரோவேஷியாவில் இது 2022 செப்டம்பர் 5 முதல் 2023 டிசம்பர் 31 வரை கட்டாயமாக இருந்தது. பல்கேரியாவில் 2025 ஆகஸ்ட் 8 முதல் 2026 ஆகஸ்ட் 8 வரை. இரட்டை விலை விற்பவரின் கையைப் பிடித்து நிறுத்தாது. வாங்குபவருக்கு ஒப்பிட ஓர் அளவுகோலைத் தரும். அதனால் மாற்றத்துக்கு முன்பே வழக்கமாக வாங்கும் பத்துப் பதினைந்து பொருள்களின் விலையைக் குறித்து வையுங்கள். பழைய பணத்தில் கடைசியாக வந்த சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விகிதம் தவறாகப் போடப்பட்டிருந்தால் நுகர்வோர் அமைப்பிடமும் அரசின் ஆய்வு அதிகாரியிடமும் முறையிடலாம்; விகிதம் சரியாக இருந்து விலை மட்டும் ஏறியிருந்தால், அந்தக் குறிப்பு சம்பள உயர்வு கேட்கும்போது கைகொடுக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சந்தை மதிப்பை ஒட்டிய விகிதம் இருந்தால்தான் பொருந்தும். விகிதமே அரசியல் முடிவாகும்போது கதை வேறு. 1990 ஜூலை 1 அன்று கிழக்கு ஜெர்மனியின் சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மேற்கு மார்க்குக்கு மாற்றப்பட்டன. தொழிலாளர்களுக்கு அது வரமாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கூலியைப் புதிய பணத்தில் கொடுத்துவிட்டு மேற்கின் தொழிற்சாலைகளோடு போட்டியிட அங்கிருந்த ஆலைகளால் முடியவில்லை. வேலையிழப்பு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஈக்வடாரில் நேர்மாறாக நடந்தது. 2000இல் அந்த நாடு தன் பணமான சுக்ரேயை விட்டு அமெரிக்க டாலருக்கு மாறியபோது, ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்று விகிதம் வைத்தார்கள். ஓராண்டுக்குச் சற்று முன்புதான் அது 7,000 அளவில் இருந்தது. சுக்ரேயில் இருந்த சேமிப்பும் சம்பளமும் டாலரில் மிகச் சிறியதாகிவிட்டன. டாலருக்கு மாறிய பிறகும் விலைகள் நிற்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பணவீக்கம் 91 சதவீதம். மலிவாக வைக்கப்பட்ட விகிதத்தை விலைகள் எட்டிப்பிடிக்கும் வரை ஏறிக்கொண்டே இருந்தன.

ஆகவே உங்கள் நாட்டில் இப்படியோர் அறிவிப்பு வந்தால், புதிய நோட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன் விகிதத்தைப் பாருங்கள். அது அன்றைய சந்தை மதிப்புக்கு அருகில் இருக்கிறதா, சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் ஒரே விகிதமா, பழைய நோட்டுகளை எதுவரை மாற்றலாம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில் நோட்டும் நாணயமும் ஒன்றல்ல. குனா நோட்டுகளைக் குரோவேஷிய தேசிய வங்கி காலவரம்பின்றி மாற்றித் தரும். குனா நாணயங்களுக்கான கெடு 2025 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது.