வெட்டப்பட்ட குழலின் மிச்சக் கணக்கு

2014 நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த பழைய வின்செஸ்டர் 1873 துப்பாக்கி ஒன்றைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். அதன் மரக்கட்டைப் பிடி வெயிலில் வெளுத்து வெடித்திருந்தது, குழல் துருவேறியிருந்தது. துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணை வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, அது 1882இல் தயாராகிக் கிடங்கிலிருந்து வெளியேறியது தெரிந்தது. வாங்கியவர் பெயர் பதிவாகவில்லை. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாசகர் கேட்டார்: "மரத்தடியில் மறந்துபோன துப்பாக்கி சரி, பலர் கைமாறி, வெட்டி ஒட்டி மாற்றப்பட்ட துப்பாக்கி முதலில் எப்படி இருந்தது என்பதை எவ்வாறு கண்டுபிடிப்பார்கள்?"

இந்த 1873 மாதிரி ஒரு லீவர் (நெம்புகோல்) துப்பாக்கி. அதன் இயக்கம் எளியது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே விழுந்து, குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறும். 1873 மாதிரி ஏறத்தாழ 7 லட்சத்து 20 ஆயிரம் செய்யப்பட்டது. வழக்கமான ரைஃபிளின் குழல் 24 அங்குலம். குதிரைக்காரர்களுக்கான கார்பைன் 20 அங்குலம். மஸ்கெட் என்னும் நீண்ட வகை 30 அங்குலம். நீளமான குழல் சேணத்தில் இடிக்கிறது என்று வெட்டியவர்கள் உண்டு. கார்பைன் நல்ல விலை போகிறது என்று பிற்காலத்தில் வெட்டியவர்களும் உண்டு.

எண் மட்டும் போதாதா என்றால், போதாது. அது விசைக்குப் பின்னால் நீளும் கீழ்ப்பட்டையில் இருக்கிறது, குழலில் இல்லை. கூடு, அதாவது விசையும் இயக்கமும் அடங்கிய உடற்பகுதி, ஒரு துப்பாக்கியுடையதாகவும் குழல் வேறொன்றுடையதாகவும் இருக்கலாம். எனவே குழலைத்தான் விசாரிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எண்கோணக் குழல் கூட்டிலிருந்து குண்டு வெளிவரும் வாய்வரை ஒரே தடிமனில் செல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில், ஏறத்தாழ நேர்கோட்டில் மெலிந்துகொண்டே போகிறது. வெட்டுபவர் நீளத்தைக் குறைக்கலாம், வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஆனால் அந்தச் சரிவை அவரால் திருத்த முடியாது, திருத்த வேண்டுமென்றால் எட்டு முகங்களையும் முழுநீளத்துக்கும் மறுபடி இழைக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். நம் கையிலுள்ள 20 அங்குலக் குழலில், எதிரெதிர் முகங்களுக்கு இடையே கூட்டின் அருகே 22.0 மி.மீ., வாயில் 20.0 மி.மீ. என்றால், அங்குலத்துக்கு 0.1 மி.மீ. மெலிகிறது. யாரும் கைவைக்காத 24 அங்குலத் துப்பாக்கி ஒன்றில் அதே இரண்டு அளவுகள் 22.0, 19.6 என்றால், அங்கும் அங்குலத்துக்கு 0.1தான், அதன் இருபதாவது அங்குலத்தில் அளவியை வைத்தால் 20.0 என்றே காட்டும். அதாவது நம் குழலின் வாய், நீண்ட குழலின் நடுவழியில் இருந்த ஓர் இடம். இதற்கு மாறாக, 20 அங்குலத்துக்குள்ளேயே 19.6க்கு மெலியும்படி செய்த குழலாக இருந்திருந்தால் சரிவு 0.12 ஆகியிருக்கும். வாயில் வரும் வேறுபாடு 0.4 மி.மீ., பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவைப் போல் நான்கு மடங்கு. ஐந்தாறு இடங்களில் அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தால், அளவீட்டுப் பிழையும் அடங்கிவிடும்.

இருந்தாலும், குழல் ஒருகாலத்தில் நீளமாக இருந்தது என்பதைத்தான் சரிவு சொல்லும். வெட்டியது தொழிற்சாலையா, ஊர்க் கொல்லரா என்பதைச் சொல்லாது. அதற்குக் காடிகளை, அதாவது உலோகத்தில் வெட்டிய பள்ளங்களை, பார்க்க வேண்டும். ரைஃபிளின் தோட்டாக் குழாயைத் தாங்கும் வளையம், குழலின் அடிப்புறத்தில் வெட்டிய, அடி அகன்று வாய் குறுகிய காடியில் பொருந்தியிருக்கும். நுனியை வெட்டினாலும் இந்தக் காடி நகராது. ஆகவே வாய்க்கும் வளையத்துக்கும் உள்ள தூரம், வெட்டிய நீளத்தின் அளவுக்கே குறைந்து நிற்கும். குறிபார்க்க உதவும் முன்னாலுள்ள குறிமுள் வெட்டிய துண்டோடு போயிருக்கும். அதற்குப் புதிதாக எடுத்த காடியின் சுவரில் அரத்தின் கோடுகள் தெரிந்தால், அது இயந்திர வெட்டு அல்ல. கார்பைனாக வேடம் போட்ட ரைஃபிளில், குழலுக்கு அடியிலுள்ள மர முன்கட்டையைக் கழற்றினால் போதும். ரைஃபிளின் முன்கட்டை நுனியிலுள்ள இரும்புத் தொப்பியைப் பிடிப்பதற்கும் ஒரு காடி உண்டு. கார்பைனில் கட்டையைப் பட்டிதான் பிடிக்கும் என்பதால் அதற்குத் தேவையே இல்லை.

கட்டையில் வரிசையாக வெட்டுக் கோடுகள் இருந்தால், ஒவ்வொன்றும் ஓர் உயிர் என்று விற்பவர் சொல்வார். கத்தி வைத்திருந்த எந்தச் சிறுவனும் போட்டிருக்கக்கூடிய கோடுகள் அவை. சான்றாக அவற்றுக்கு மதிப்பே கிடையாது.

குழலிடம் கேட்டு முடித்தபின் பதிவேட்டுக்குத் திரும்பலாம். வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) என்னும் நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் எழுத்தர்களின் பேரேடுகள் இருக்கின்றன. சலிப்பூட்டும் இத்தகைய பேரேடுகளைக் காக்கப் பணம் ஒதுக்குவதை வீண்செலவாகக் கருதுபவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. மரத்தடித் துப்பாக்கிக்கு 1882 என்ற ஆண்டைக் கொடுத்தது அந்தச் சலிப்பான பேரேடுதான். அதில் துப்பாக்கியின் வகையும் குழலின் வடிவமும் இருக்கும். வாடிக்கையாளர் தனியாகக் கேட்ட மாற்றங்களும் குறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான நீளத்தை எழுத்தர் எழுதுவதில்லை. எனவே "ரைஃபிள், எண்கோணம்" என்ற சொற்களுக்குப் பக்கத்தில் 20 அங்குலம் என்று இருந்தால், குறுங்குழல் தொழிற்சாலையிலேயே பிறந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தால், அந்தக் கூடு 24 அங்குலக் குழலோடு வெளியேறியது. சரிவும் காடியும் அதையே சொன்னால், குறையும் 4 அங்குலம் அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய ரம்பத்துக்குப் போனது.