“கோதுமை இல்லீங்க சார், வெறும் மைதாதான்!”

போன திங்கட்கிழமை நெய்வேலியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சீலியாக் நோய் என்று உறுதியானது. கோதுமை, பார்லியில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கிற நோய் அது. அந்தத் தானியங்களை அடியோடு விலக்குவதுதான் பத்தியம். அப்போதிருந்து ஒழுங்காகப் பத்தியம் இருந்து, எடை ஏறி, இந்த நோயைக் காட்டுகிற டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனையும் நார்மலுக்கு வந்திருந்தது. இந்த முறை பார்த்தால் அதே டிடிஜி நார்மல் அளவைப் போல நாலு மடங்கு.

“சப்பாத்தியைக் கண்ணுலகூடக் காட்டலை மேடம்” என்கிறார் அம்மா. பொய் சொல்லவில்லை, எனக்கும் தெரியும். கோடை லீவில் எங்கெல்லாம் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஊட்டி, சென்னை, திருச்செந்தூர் என்று மூன்று பயணம். “கண்ட கடையில சாப்பிடலை, பெரிய ஓட்டல்லதான். ஊர் ஊருக்கு பிராஞ்ச் இருக்கு, சுத்தமா இருக்கும்.” சரி, என்ன சாப்பிட்டீர்கள்? ரவா தோசை. கேசரி. ஒருநாள் நூடுல்ஸ், அதுவும் கேட்டுவிட்டுத்தான். “கோதுமை இருக்கான்னு கேட்டேன் மேடம். சப்ளையர் உள்ள போய் விசாரிச்சுட்டு வந்து, கோதுமை இல்லீங்க சார், வெறும் மைதாதான்னு சொன்னாரு” என்றார் அப்பா.

கடலூரில் உட்கார்ந்து உணவு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு, இந்த மூன்று மாதத்தில் இதே கதையோடு வந்த நாலாவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைதா கோதுமைதான். ரவை கோதுமைதான். சேமியா கோதுமைதான். சம்பா ரவை, சூஜி, ஆட்டா எல்லாம் கோதுமையே. நம் பக்கத்தில் ‘கோதுமை’ என்றால் பழுப்பு நிறத்தில் சப்பாத்தி மாவு, அவ்வளவுதான். வெள்ளையாக இருந்தால் அது வேறு ஏதோ தானியம் என்று ஒரு நினைப்பு. சில பெரியவர்கள் மைதாவைக் கிழங்கு மாவு என்றே இன்னும் சொல்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது ஜவ்வரிசி. அதில் க்ளூட்டன் கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம். மைதா என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு உள்பருப்பை மட்டும் அரைத்த மாவு. க்ளூட்டன் இருப்பதே அந்த உள்பருப்பில்தான். தவிடு போனதால் க்ளூட்டன் குறையாது.

சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஒரு பரோட்டாக் கடை முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். வீச்சு போடுகிற மாஸ்டர் ஒரு உருண்டையை எண்ணெய்க் கல்லில் தட்டி, தூக்கி வீசி வீசி, பின்னால் இருக்கிற ஆள் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்குவார். கிழியாது. அந்த இழுவைக்குப் பெயர்தான் க்ளூட்டன். அரிசி மாவில் அந்த வித்தை காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ரவையைப் பற்றி இன்னொன்று. “அரிசி ரவைன்னு நினைச்சேன்” என்கிறார்கள். அரிசி ரவை, அரிசி நொய் என்று தனியாக உண்டு, உண்மைதான். ஆனால் ஓட்டலில் ரவா தோசை, ரவா இட்லி, கிச்சடி, கேசரி, உப்புமா எல்லாமே கோதுமை ரவை. ரவா தோசையில் மைதாவும் சேரும்.

அடுத்தது, “நம்ம சாப்பாடு அரிசிதானே, நமக்கென்ன பயம்” என்கிறவர்களுக்கு. உங்கள் அடுக்களையில் இருக்கிற பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். கட்டியோ தூளோ, கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் கொஞ்சம், மீதி கோந்தும் மாவும். அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. வீட்டில் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ஓட்டலில் சாம்பார், ரசம், பொங்கல், தயிர் சாதத்துத் தாளிப்பு வரை அது இருக்கிறது. ஒரு அண்டா சாம்பாருக்கு எவ்வளவு போட்டுவிடப் போகிறார்கள் என்று ஒரு டாக்டரே என்னிடம் வாதாடியிருக்கிறார். குறைவுதான். ஆனால் மூன்று வேளையும் வெளியே சாப்பிடுகிற பயணத்தில் அந்தக் குறைவு ஒவ்வொரு வேளையும் சேருகிறது. நான் அனுமதிப்பதில்லை.

எவ்வளவு வரை தாங்கும் என்று கேட்பீர்கள். பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் க்ளூட்டனுக்குள் இருந்தால் குடலுக்குச் சேதம் வராது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் இருக்கும். அந்தத் துண்டை இருநூறாகக் கிழித்தால் வருகிற ஒரு துணுக்குதான் உங்கள் நாள் கணக்கு. தட்டில் ஒட்டிய பரோட்டாத் தூளே அதைத் தாண்டிவிடும். “கொஞ்சூண்டுதானே, குழந்தை ஏங்குது” என்று பாட்டிகள் ஊட்டுவது பாசம்தான், தெரியும். வயிறு வலிக்காததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறார்கள். வலிக்காமலேயே உள்ளே, சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் மழுங்கிக்கொண்டிருக்கும்.

சரி, கிளை கிளையாக இருக்கிற ஓட்டல் சமாசாரத்துக்கு வருகிறேன். அவற்றில் ஒரு நன்மை உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், ஒவ்வாமை தரும் பொருள்களின் விவரத்தைத் தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிளிங் விதிமுறைகள் சொல்கின்றன. க்ளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பர்கர், பீட்சாக் கடைக்கு மட்டுமல்ல, நம் ஊர் சைவ ஓட்டலுக்கும் அத்தனை கிளை இருந்தால் இது பொருந்தும். கவுன்டரில் “அலர்ஜன் சார்ட் காட்டுங்க” என்று கேளுங்கள். அங்கே நிற்கிற பையனுக்குத் தெரியாவிட்டால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அவர்கள் தர வேண்டிய விவரம்தான் அது.

ஆனால் அந்த சார்ட் பண்டத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லும், எண்ணெயில் என்ன மிதக்கிறது என்று சொல்லாது. வெறும் உருளைக்கிழங்குப் பொரியலை, பிரெட் தூள் பூசிய சிக்கன் துண்டுகள் பொரிந்த அதே எண்ணெயில் போட்டால் முடிந்தது கதை. பொரித்தால் க்ளூட்டன் எரிந்துபோகும் என்று நம்புகிறவர்களும் உண்டு. போகாது. பன்னை எடுத்துவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் சாப்பிடுவது, பீட்சாவுக்கு மேலே இருப்பதைச் சுரண்டித் தருவது, தயவுசெய்து இதெல்லாம் வேண்டாம்.

நம் ஊர் ஓட்டலில் இதே கதை தோசைக்கல்லில் நடக்கிறது. ஒரு ரவா தோசை எடுத்த கையோடு மாஸ்டர் கல்லில் ஒரு குவளைத் தண்ணீர் தெளித்து, ஈர்க்குத் துடைப்பத்தால் சர்ரென்று ஒரு இழுப்பு இழுப்பார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். அந்தத் துடைப்பம் காலையிலிருந்து எத்தனை ரவா தோசையைப் பெருக்கியிருக்கிறதோ, அதே கல்லில்தான் உங்கள் சாதா தோசை. மொறுமொறுப்புக்காகச் சாதா தோசை மாவிலேயே கொஞ்சம் மைதாவோ ரவையோ கலக்கிற இடங்களும் உண்டு. ராத்திரிக் கடையில் “முட்டைதானே” என்று ஆம்லெட் வாங்கித் தருகிறீர்கள். அது பரோட்டாக் கல்லில் போட்டது. அவித்த முட்டை வாங்குங்கள், ஓட்டைப் பிள்ளையே உரிக்கட்டும்.

புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அங்கே சில கஃபேக்களில் க்ளூட்டன் என்ற சொல் தெரியும், வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது. பாப்பரை (ஆங்கிலத்தில் ‘பக்வீட்’) மாவில் செய்யும் பிரெஞ்சு தோசை கிடைத்தால், அந்தத் தானியம் நமக்கு ஆகும். ஆங்கிலப் பெயரில் ‘வீட்’, அதாவது கோதுமை, ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கோதுமை இனமே அல்ல. ஆனால் மாவில் மைதா கலந்திருக்கிறதா, கல் தனியா என்று கேட்டே ஆக வேண்டும். பேக்கரிக்குள் ‘க்ளூட்டன் ஃப்ரீ கேக்’ என்று எழுதி, பிரெட் வெட்டுகிற அதே மேசையில், அதே கத்தியால் வெட்டித் தந்தால் வாங்காதீர்கள். பாக்கெட்டில் அடைத்து விற்பதில் அந்த வார்த்தை இருக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் க்ளூட்டன் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதற்கு அந்த உறுதி கிடையாது. அப்புறம், வார இறுதிக்கு வரும் பெரியவர்களே, பீர் பார்லியில் செய்வது. பார்லியிலும் க்ளூட்டன் உண்டு. ஹார்லிக்ஸிலும் கோதுமை, பார்லி இரண்டுமே இருக்கிறது. பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டு “வெறும் பால்தான் குடிச்சா” என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஓட்டலில் ‘க்ளூட்டன்’ என்று கேட்காதீர்கள். “டயட்டா மேடம்?” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு தாளில் இப்படி எழுதி மாஸ்டர் கையில் கொடுங்கள்: ‘இந்தக் குழந்தைக்கு ஒரு நோய். மைதா, ரவை, சேமியா, கோதுமை, பார்லி, பெருங்காயம், சோயா சாஸ் எதுவும் சேரக் கூடாது. பரோட்டா, ரவா தோசை போட்ட கல்லிலோ, பூரி பொரித்த எண்ணெயிலோ செய்ததும் ஆகாது.’ கூட்டம் வருவதற்கு முன்னால், பதினொன்றரை மணிக்கெல்லாம் போய்விடுங்கள். மதியம் ஒன்றரை மணிக்கு எந்த மாஸ்டரும் எதையும் படிக்க மாட்டார்.

வாங்கலாம் என்றால் இட்லி வாங்குங்கள். தனித்தட்டில் வேகிறது, கல் படுவதில்லை. சாம்பாரை விட்டுவிட்டு வீட்டுப் பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுக்கொள்ளலாம். இடியாப்பத்துக்கு அரிசி மாவு மட்டும்தானா என்று கேளுங்கள். வெறும் சோறு, பாக்கெட் தயிர். பிரியாணி என்றால் அண்டாவின் மூடியைப் பாருங்கள், தம் போட மைதா மாவால் வாயை அடைத்திருந்தால் வேண்டாம். மீன் வறுவலுக்கு மேலே பூசியது என்ன என்று கேட்காமல் தொடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது கம்பங்கூழ் வண்டி. கம்பு, கேழ்வரகு, மோர், சின்ன வெங்காயம். இந்தத் தானியங்களில் க்ளூட்டன் கிடையாது. அதைத் தாண்டி ஆயிரம் ரூபாய் பில் வருகிற இடத்தில் வண்டியை நிறுத்தி நோயை வாங்குகிறோம். பலாச் சீசனில் பண்ருட்டி வழியாகப் போகிறவர்கள் சுளையை நிரப்பிக்கொள்ளலாம், வறுத்த முந்திரி வருடம் முழுக்கக் கிடைக்கும். பையில் அவல், வாழைப்பழம், வேர்க்கடலை எப்போதும் இருக்கட்டும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் அதை முறிக்க மாத்திரை கிடையாது. தண்ணீர் கொடுங்கள், அடுத்த வேளையிலிருந்து பத்தியத்துக்குத் திரும்புங்கள். கோதுமை அலர்ஜி வேறு நோய். அதில் உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இரண்டையும் குழப்பாதீர்கள். இன்னும் நோய் உறுதியாகாதவர்களுக்கு ஒரு கெஞ்சல்: யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு வராதீர்கள். நிறுத்திவிட்டால் டிடிஜி இறங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும்.

நெய்வேலிப் பெண்ணுக்கு அந்தத் தாளை நானே எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, ‘குழந்தைக்கு’ என்பதை அடித்து ‘எனக்கு’ என்று மாற்றிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதற்குள் சிதம்பரத்தில் சித்தப்பா கல்யாணம் இருக்கிறதாம். பந்திப் பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்று சமையல்காரரை இப்போதே கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.