மாலையைக் கருக்கிய முக்கோணம்

கல்யாண மாலையை உலர்த்தி, ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் ரெசினில் பதித்துத் தரும் வேலையை வீட்டிலேயே தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். "சின்னச் சாவிக்கொத்து செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. பெரிய ஃப்ரேமுக்காக ஒரு கிலோ கலந்து வைத்துவிட்டுப் பூ அடுக்கப் போனேன். திரும்பி வந்தால் கப் உருகிப் புகைகிறது. மீதியை ஊற்றியதில் பூவும் கருகிவிட்டது. ரெசின் போலியா?" கடைசி வரியில், கை அரிக்கிறது, பூவினால் இருக்கலாம் என்றும் சேர்த்திருந்தார்.

ரெசின் போலியில்லை. அரிப்புக்குப் பூவும் காரணமாக இருக்காது. இரண்டுக்கும் ஒரே முக்கோணத்தின் மீதுதான் என் சந்தேகம்.

அவர் வாங்கியது எபாக்சி, உடைந்ததை ஒட்ட நாம் வாங்கும் அரால்டைட்டின் பங்காளி. ரெசின் மூலக்கூறின் இரு முனையிலும் இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் கைகோத்த முக்கோணம் இருக்கும். நான்கு ஒற்றைப் பிணைப்புள்ள கார்பன் தன் கைகளை 109 டிகிரிக்கு விரித்து வைத்திருக்கவே விரும்பும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே அதை 60 டிகிரிக்கு மடக்கிப் பூட்டியிருக்கிறார்கள். வளைத்துக் கட்டிய மூங்கில் போல எப்போது விடுவார்கள் என்று விறைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கட்டை அவிழ்ப்பது, ரெசினை இறுக வைக்கக் கலக்கும் இரண்டாவது பாட்டிலான ஹார்டனரில் உள்ள நைட்ரஜன். தன்னிடம் சும்மா இருக்கும் எலக்ட்ரான் ஜோடியோடு அது கார்பனை நெருங்க, முக்கோணம் படீரென்று திறக்கிறது. ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஓஹெச் (OH) ஆகிறது. அந்த ஓஹெச் சும்மா இருப்பதில்லை, பக்கத்து முக்கோணம் திறக்கவும் கைகொடுக்கிறது! போதாததற்கு, ஒவ்வொரு திறப்பிலும் வெப்பம் வருகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேகம் கூடினால் இன்னும் சூடு. எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த காட்சிகளில் இது ஒன்று, தள்ளி நின்று பார்க்கும்வரை.

ரெசின் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் சூடு மேற்பரப்பு வழியாக ஓடிவிடும். கப்பில் குவித்து வைத்தால் நடுவில் இருப்பதற்குப் போக்கிடம் இல்லை, 150 டிகிரியைக்கூடத் தாண்டலாம். கலந்தபின் ஊற்றி முடிக்க லேபிளில் '30 நிமிடம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரியில், 100 கிராமுக்கான கணக்கு. சென்னையின் மே மாதத்துக்கும் ஒரு கிலோ கப்புக்கும் அது பொருந்தாது.

ஆகவே கனமான வார்ப்புக்கு 'டீப் போர்' (deep pour) என்று விற்கும் மெதுவான ரகம் வேண்டும். 'டேபிள் டாப்' ரகம் சில மில்லிமீட்டர் பூச்சுக்குத்தான். பூவில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டவும் கூடாது. இது ஜோடி சேரும் கணக்கு. ஜோடி கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, பொருள் பிசுபிசுப்பாகவோ தொய்வாகவோ நின்றுவிடும். கூட்டும் பழக்கம் ஃபைபர் கிளாஸ் பட்டறையிலிருந்து வந்தது. அங்கே ஊற்றுவது பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசின், அதில் 1–2 சதவீதம் சேர்க்கும் எம்இகேபி தூண்டிவிடும் பொருள் மட்டுமே. (அதையும், வினையை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்துவிடாதீர்கள், வெடிக்கும்.)

இனி கை. முக்கோணத்துக்குத் தேவை நைட்ரஜன். அது ஹார்டனருடையதா, உங்கள் தோல் புரதத்துடையதா என்று பார்க்காது. புரதத்தில் ஒட்டிக்கொண்டதும் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று முகத்தைக் குறித்துவைக்கிறது. பல மாதம் ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னரால் துடைத்தால் அது ரெசினைத் தோலுக்குள் இறக்கிவிடும். காகிதத்தால் ஒற்றி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எபாக்சியில் வாடை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ண வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். தேய்த்து மெருகேற்றும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், என்95 மாஸ்க்கும் வேண்டும்.

குழந்தையின் தொப்புள்கொடியையும் இப்போது ரெசினில் பதிக்கிறார்கள். ஆசைக்குச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "தாயத்துக்குள் ஸ்டெம் செல் சேமித்தார்கள் முன்னோர்கள்" என்று வாட்ஸப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஏது?

அடுத்த முறை கப் சூடேறினால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கையில் எடுக்க முடிகிற சூடு என்றால் வெளியே கொண்டுபோய்ச் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு விலகுங்கள், குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். அரிப்புக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள், சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தெரிந்துவிடும். அதுவரை ரெசினைத் தொடாதீர்கள். போகும்போது இரண்டு பாட்டில்களின் லேபிளையும் படமெடுத்துக் கொண்டுபோங்கள்.