கடைசி ஊசிக்குப் பிறகு ஓடும் கடிகாரங்கள்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலரும், 'இதுதான் கடைசி ஊசி' என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்தே விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் ஆகிறது, மூன்று மாதம் ஆகிறது. இரவில் சட்டை நனைய வியர்ப்பது நிற்கவில்லை. படியேறினால் தொடை நடுங்குகிறது. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. 'நிறுத்தியும் ஏன் இப்படி?' என்ற கேள்விக்கு, புற்றுநோயோ மருந்தோ என்னவோ செய்துவிட்டது என்று மனம் தானாக ஒரு பதிலைச் சொல்லிக்கொள்கிறது. பெரும்பாலும் பிழை உடம்பில் இல்லை, எண்ணத் தொடங்கிய தேதியில் இருக்கிறது.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை ஹார்மோனைக் கொடுக்கும் சிகிச்சை அல்ல, பறிக்கும் சிகிச்சை. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியின் செல்கள், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நம்பி வளர்பவை. அதன் வரவை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். அன்று அதற்கு வழி விரைகளை அறுவையால் அகற்றுவது, இல்லாவிட்டால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. முதலாவது நிரந்தரம். இரண்டாவதில் இரத்தம் உறையும் ஆபத்து. விரைகளைத் தொடாமலேயே அவற்றைத் தூங்கவைக்கும் ஊசி 1980களில்தான் வந்தது.

அந்த ஊசி வேலை செய்யும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், சுமார் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஒரு துளி ஹார்மோனை விடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டு எல்.ஹெச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் அனுப்புகிறது. விரைகளில் உள்ள லேடிக் செல்கள் எல்.ஹெச்.சின் சொல்படி டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கின்றன. இந்தச் சங்கிலியில் முக்கியம் துளியின் அளவு மட்டுமல்ல, இடைவெளியும்தான். எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978இல் குரங்குகளில் இதைச் சோதித்தது. மணிக்கு ஒருமுறை துளியாகக் கொடுத்தால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் ஏற்றினால் வாயை மூடிக்கொண்டது. ஒருவர் விட்டுவிட்டுக் கதவைத் தட்டினால் திறப்போம். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொள்வோம் அல்லவா, அப்படி. பிட்யூட்டரி செல்கள், ஹார்மோனின் சொல்லைக் கேட்கும் தங்கள் ஏற்பிகளையே உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

லூப்ரோலைடு, கோசரெலின், டிரிப்டோரெலின் என்ற ஊசி மருந்துகள் எல்லாம் இந்த ஓயாத தட்டல்தான். அதனால் பிட்யூட்டரி காதைப் பொத்திக்கொள்ளும்வரை, முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல் ஏறும். பிறகு மூன்று, நான்கு வாரத்தில் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே விழுந்துவிடும். வழக்கமான அளவு ஏறத்தாழ 300 முதல் 1,000 வரை. டிகாரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் வேறு வகை. அவை தட்டுவதில்லை, பூட்டுத் துளையையே அடைத்துவிடுகின்றன. எனவே ஆரம்ப ஏற்றம் இல்லை.

இப்போது அந்தத் தேதிக் கணக்குக்கு வருவோம். மூன்று மாத ஊசி, ஆறு மாத ஊசி என்பவை தோலுக்கடியிலோ தசையிலோ வைக்கப்படும் மருந்துக் கிடங்குகள். மெல்லக் கரையும் ஒரு பாலிமருக்குள் மருந்து அடைபட்டு, நாளுக்குக் கொஞ்சமாகக் கசிகிறது. ஆறு மாத ஊசியை ஜனவரியில் போட்டுக்கொண்டவருக்கு ஜூலை வரை சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 'ஊசி நின்று நாலு மாதமாச்சு' என்று அவர் சொல்லும்போது மருந்து உள்ளே முழு வேகத்தில் இருக்கிறது. அந்த ஆறு மாதம் முடிந்தாலும் கிடங்கு அன்றே காலியாகிவிடாது. மிச்சம் மீதி இன்னும் கொஞ்ச காலம் கசியும்.

கிடங்கு தீர்ந்ததும் முதலில் விழிப்பது பிட்யூட்டரி. எல்.ஹெச். ஏறத் தொடங்கும். டெஸ்டோஸ்டிரோன் அதன் பின்னாலேதான் வரும், சில சமயம் வெகு பின்னாலே. மாதக்கணக்கில் ஆணை வராமல் கிடந்த லேடிக் செல்கள் சுருங்கிப்போயிருக்கும். வயதாக ஆக அவற்றின் எண்ணிக்கையும் குறைவு. இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து அளந்தால் தடங்கல் எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டும் தாழ்ந்திருந்தால் மேலே பிட்யூட்டரி இன்னும் எழவில்லை, காத்திருக்கலாம். எல்.ஹெச். உயர்ந்தும் டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்தே இருந்தால், மேலிருந்து கத்துகிறார்கள், கீழே ஆள் இல்லை. ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடக்கூடிய இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

எவ்வளவு நாளாகும்? ஆறு மாதம் போல் குறுகிய காலம் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வாக்கில் டெஸ்டோஸ்டிரோன் திரும்புகிறது. இரண்டு மூன்று ஆண்டு எடுத்தவர்களுக்கு அதுவே சில ஆண்டுகள் ஆகலாம். எழுபதைத் தாண்டியவர்களில் கணிசமானோருக்குப் பழைய அளவு வருவதே இல்லை. வயது, சிகிச்சைக் காலம், ஆரம்பத்தில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கின்றன. மருந்தின் வகையும் சேரும். ரெலுகோலிக்ஸையும் லூப்ரோலைடையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான சோதனையில், மருந்தை நிறுத்திய 90 நாளில் மாத்திரை எடுத்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. ஊசி போட்டவர்களில் 3 சதவீதம்தான். ஒன்று தினசரி மாத்திரை, மற்றது கிடங்கு. வித்தியாசத்தில் ஆச்சரியமில்லை.

இதெல்லாம் கதிர்வீச்சோடு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும், இடைவெளி விட்டு எடுப்பவர்களுக்கும் பொருந்தும். நோய் பரவியவர்களில் பலருக்குச் சிகிச்சையை நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. ஆண் ஹார்மோன் தயாரிப்பையே தடுக்கும் அபிராட்டரோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு வேறொரு எச்சரிக்கையும் உண்டு. அதனுடன் கொடுக்கப்படும் பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் விழிக்க நேரம் வேண்டும்.

சரி, இரத்தப் பரிசோதனைத் தாளில் டெஸ்டோஸ்டிரோன் 350 என்று வந்துவிட்டது. உடம்பும் திரும்பிவிட்டதா? இல்லை. ஒவ்வொரு திசுவுக்கும் தனிக் கடிகாரம்.

வேகமாக ஓடுவது வியர்வைக் கடிகாரம். ஹைப்போதலாமஸ் நம் உடல் வெப்பத்தை ஒரு சிறு எல்லைக்குள் வைத்திருக்கிறது. பாலியல் ஹார்மோன்கள் வற்றினால் அங்குள்ள சில நரம்பு செல்கள் கட்டுமீறி, அந்த எல்லை குறுகிப்போகிறது. அரை டிகிரிகூட ஏறாத வெப்பத்தை மூளை பெரிய காய்ச்சல்போல் எடுத்துக்கொண்டு, தோலுக்கு இரத்தத்தைத் திறந்துவிட்டு வியர்க்கவைக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்கள் படும் அதே அவதி. ஹார்மோன் ஏற ஏற, முதலில் எண்ணிக்கை குறையும், பிறகு உக்கிரம். அதுவரை தாங்க முடியாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது இரத்தம். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யத் தூண்டுவதில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பங்கு உண்டு. சிகிச்சையில் ஹீமோகுளோபின் ஒரு கிராம், சிலருக்கு அதற்கு மேலும் இறங்கும். சோர்வுக்கு அது ஒரு காரணம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எனவே ஹார்மோன் வந்த பிறகும் இரத்தம் முழுதாகத் தேற மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதற்கு மேலும் தேறவில்லை என்றால் ஹார்மோன் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து, பி12, குடலில் இரத்தக் கசிவு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

தசையும் கொழுப்பும் இரட்டையர் மாதிரி சேர்ந்தே பேசப்படுகின்றன. ஓராண்டு சிகிச்சையில் உடல் கொழுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிறது, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை 3 சதவீதம் போல் குறைகிறது. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. நோயில்லாத ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை இதே ஊசியால் அடக்கினார்கள். பிறகு ஜெல் வடிவில் வெவ்வேறு அளவில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதையும் மருந்தால் தடுத்தார்கள். தசையும் வலுவும் டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்திருந்தன. கொழுப்புச் சேர்ந்தது ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால். பாலுறவு நாட்டத்துக்கு இரண்டுமே தேவைப்பட்டன. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தசைக் கடிகாரத்துக்கு மட்டும் ஒரு தனிக் குணம்: சாவி கொடுத்தால்தான் ஓடும். இழந்த தசையை ஹார்மோன் தானாகக் கட்டித் தந்துவிடாது; பளு வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், ஹார்மோன் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கனடாவில் 155 ஆண்களை வைத்து 2003இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை நடக்கும்போதே 12 வாரம் பளு தூக்கியவர்களுக்குச் சோர்வு குறைந்தது, வலு கூடியது. தசைநார் இழுபடும்போது அதற்குள்ளேயே எழும் சமிக்ஞைகள் டெஸ்டோஸ்டிரோன் இல்லாமலும் ஓரளவு வேலை செய்கின்றன. சும்மா நடப்பது நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தொடையைக் கட்டாது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, மெல்ல எடையைக் கூட்ட வேண்டும். எலும்பில் நோய் பரவியிருந்தால் எந்த எலும்பு என்று தெரிந்துகொண்ட பிறகே.

வயிற்றுக் கொழுப்பு அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. இன்சுலினுக்குத் திசுக்கள் செவி கொடுக்காமல் போவதும் அதனோடு சேர்ந்து வருகிறது. சர்க்கரை நோயும் இதய நோயும் கூடும் அபாயத்தை இந்த ஊசிகளின் குறிப்புச் சீட்டில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் உத்தரவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் திரும்பியதும் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மெதுவான கடிகாரம் எலும்பு. பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிதாகப் பூசும் செல்களும் மாறிமாறி வேலை செய்கின்றன. ஓர் இடத்தில் அரித்துப் பூசி முடிக்கவே சில மாதங்கள் ஆகும். அரிக்கும் கூட்டத்துக்குக் கடிவாளம், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் ஈஸ்ட்ரோஜன். கடிவாளம் போனதும் அரிப்பு முந்துகிறது. சிகிச்சையின் முதல் ஆண்டிலேயே அடர்த்தி 2 முதல் 5 சதவீதம் வரை குறையக்கூடும். வயதால் மட்டும் என்றால் இது ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குள்தான். எலும்பு வலிக்காது, முறியும்வரை தெரியாது. அதனால்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். ஹார்மோன் வந்தபின் இழப்பு நிற்கும்; இழந்ததில் ஒரு பகுதியே மீளும், அதுவும் ஆண்டுக் கணக்கில். எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் போட்டுக்கொண்டவர்கள், 'ஹார்மோன் ஊசியே முடிந்தது, இது எதற்கு' என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அந்த மருந்து விலகியதும் அரிக்கும் செல்கள் கூட்டமாக எழும். முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நிறுத்துவதானால் அடுத்து எந்த மருந்து என்று முடிவு செய்துவிட்டே நிறுத்துவார்கள்.

பாலுறவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் பல நேரம் சொல்வதில்லை. நாட்டம் மூளையில் பிறப்பது, அது ஹார்மோனோடு பெரும்பாலும் திரும்புகிறது. விறைப்பு அப்படியல்ல. தூக்கத்தில் தானாக நிகழும் விறைப்புகள்தான் ஆணுறுப்பின் திசுவுக்குப் பிராணவாயு கொண்டுபோகின்றன. அவை மாதக்கணக்கில் நின்றுபோனால் நெகிழும் தசை குறைந்து நார்த்திசு ஏறுகிறது. அறுவையோ கதிர்வீச்சோ நரம்பையும் இரத்தக் குழாயையும் தொட்டிருந்தால் அது தனிக் கணக்கு. சில்டெனாஃபில் போன்ற மாத்திரை குழாயைத் திறக்கும், ஆசையை உண்டாக்காது. டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருக்கும்போது அதை விழுங்கிவிட்டு 'எனக்கு மருந்தே வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டுவது அவசரம். வெற்றிடக் கருவி, ஆணுறுப்பில் போடும் ஊசி முதலியவை இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் திசு கெட்டிப்படுவதைத் தள்ளிப்போட உதவலாம் என்பதால் பல மருத்துவர்கள் முன்கூட்டியே பேசுகிறார்கள். சிகிச்சையில் சிலருக்கு வரும் மார்பு வீக்கம் மட்டும் பிடிவாதக்காரன். ஓராண்டுக்கு மேல் நீடித்து நார்த்தன்மை அடைந்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் வற்றாது, அறுவைதான் வழி.

இத்தனைக்கும் நடுவில், டெஸ்டோஸ்டிரோன் ஏறும் அதே மாதங்களில் பி.எஸ்.ஏ. எண்ணும் (புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம்; நோயைக் கண்காணிக்க அதை இரத்தத்தில் அளப்பார்கள்) கொஞ்சம் ஏறும். அதுவரை 0.05 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 0.4 ஆகும்போது வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அறுவை இல்லாமல் கதிர்வீச்சு பெற்றவருக்குப் புரோஸ்டேட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எஞ்சியிருக்கும் சாதாரண செல்களுக்கு மறுபடி தீனி கிடைக்கிறது, அவை பி.எஸ்.ஏ. சுரக்கின்றன. அதனால்தான் கதிர்வீச்சுக்குப் பிறகு, தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. சுரப்பியையே அறுத்து எடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை, அவருக்கு 0.2 என்பதே கவனிக்க வேண்டிய எண். இரண்டு பேருக்குமே, பி.எஸ்.ஏ. எழுதிய தாளில் பக்கத்திலேயே டெஸ்டோஸ்டிரோன் எண்ணும் இருந்தால்தான் அந்த ஏற்றத்தைப் படிக்க முடியும். டெஸ்டோஸ்டிரோன் 20 இருக்கும்போது ஏறிய 0.4 வேறு, 350க்கு வந்தபோது ஏறிய 0.4 வேறு.