மீட்டரைப் பார்த்து மிலிட்டரி லாரி வாங்காதீர்கள்

“ஒன்பதாயிரம்தான் ஓடியிருக்குண்ணே. கிட்டத்தட்ட புது வண்டி.”

இந்த இரண்டு மாதத்தில் இதே வார்த்தையோடு என் பட்டறைக்கு வந்த மூன்றாவது ஆள் அந்தத் தம்பி. முதல் இரண்டு பேரிடமும் பொறுமையாகப் பேசினேன். மூன்றாவது ஆளிடம் முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2. இரண்டரை டன், மூன்று ஆக்சில், பத்துச் சக்கரம். மீட்டரில் 9,412. பச்சை பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. பணத்தை முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு, “சும்மா ஒரு தடவை பார்த்துடுங்க” என்று கொண்டு வந்திருந்தார். அதுவும் ஓட்டிக்கொண்டு இல்லை, இன்னொரு வண்டியில் ஏற்றி. முன் சக்கரம் இரண்டும் பிரேக் பிடித்தபடி இறுகிப்போயிருந்தன.

நடு ஆக்சிலுக்குக் கீழே தட்டை வைத்து, டிஃபரன்ஷியலின் (ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) டிரெயின் பிளக்கை, அதாவது ஆயிலை வடிக்கும் அடித் திருகை, மெதுவாகத் தளர்த்தினேன். கியர் ஆயில் கெட்டியானது, நூல் மாதிரி இழுத்துக்கொண்டுதான் இறங்கும். இது சளசளவென்று வந்தது. தண்ணீர். ஒரு டம்ளர் அளவு துருத் தண்ணீர் ஊற்றி நின்ற பிறகுதான் ஆயில் வந்தது. அதுவும் சாம்பலைக் கரைத்த பால் மாதிரி. தம்பி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “ஆனா மீட்டர்ல ஒன்பதாயிரம்தானேண்ணே?”

மீட்டரை யாரோ திருப்பிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண் நிஜமாகவே இருக்கலாம். எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். “மீட்டர் உண்மையா, பொய்யா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மிலிட்டரி வண்டியில் மீட்டர் உண்மையாக இருந்தாலும் அது வண்டியின் வயதைச் சொல்லாது. காரில் பழகிய கணக்கை இங்கே கொண்டு வரவே கூடாது.

விளக்கமாகவே சொல்கிறேன். முதலில், அந்த 9,412 கிலோமீட்டரே இல்லை. அமெரிக்க வண்டி, மீட்டர் மைலில் ஓடும். ஏறக்குறைய 15,100 கிலோமீட்டர். இதைக்கூடப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, 15,000 கிலோமீட்டரும் குறைவுதானே என்பீர்கள். வண்டி மணிக்குச் சராசரி 30 கிலோமீட்டரில் போனது என்று வைத்தால் 500 மணி நேர ஓட்டம். இது சக்கரம் சுற்றிய நேரம் மட்டும். நிற்கும்போது எஞ்சின் ஓடிய நேரம் எங்கே போனது? ராணுவத்தில் லாரி நின்றுகொண்டேதான் பாதி வேலை செய்யும். ரேடியோவுக்காக பேட்டரி சார்ஜ் ஆக வேண்டும், ஹீட்டர் ஓட வேண்டும், அணிவகுப்பு கிளம்பும் வரை எஞ்சினை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 100 மணி. 30 வருடத்துக்கு 3,000 மணி. எஞ்சின் தேய்மானத்தில் ஒரு மணி நேர ஐடிலிங்கை (நின்றபடி எஞ்சின் ஓடுவதை) ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக வைப்பது தொழிலில் வழக்கம். தோராயம்தான், ஆனாலும் போட்டுப் பாருங்கள்: ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். மீட்டர் ஒரு எண்ணைக்கூட மாற்றியிருக்காது. பொய்யும் சொல்லியிருக்காது.

அடுத்தது, இந்த மீட்டர் இந்த வண்டியோடு பிறந்ததா? ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து, மாற்று வரும் வரை வண்டி ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் கெட்டால் ஸ்டோரில் இருக்கும் இன்னொன்றை மாட்டுவார்கள். அதில் பூஜ்யம் இருக்கலாம், வேறொரு லாரியின் கணக்கும் இருக்கலாம். கழித்துக்கட்ட ஒதுக்கிய வண்டியிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு, கெட்டதை அதில் மாட்டி அனுப்புவதும் நடக்கும். அப்புறம் டிப்போ ரீபில்ட். எம்35 வண்டிகளை ரெட் ரிவர், டூவில்லா போன்ற ராணுவ டிப்போக்களில் முழுக்கப் பிரித்துக் கோர்த்திருக்கிறார்கள். அப்படிக் கோர்த்த வண்டியில் பெரும்பாலும் டிப்போவின் பெயரும் தேதியும் பொறித்த சின்னத் தகடு இருக்கும். மீட்டரைப் பூஜ்யமாக்கி அனுப்புவதும் உண்டு, பழைய எண்ணை அப்படியே விடுவதும் உண்டு. 1990களில் எம்35ஏ3 ஆக மாற்றிய வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய லாரிக்குள் புது கேட்டர்பில்லர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். சேஸுக்கு ஒரு வயது, எஞ்சினுக்கு ஒரு வயது. மீட்டர் எந்த வயதைச் சொல்கிறது? விற்பவருக்கே தெரியாது.

அதனால் கண்ணாடிக்குள் இருக்கும் எண்ணை விடுங்கள், தகடுகளைப் படியுங்கள். டேஷ்போர்டுத் தகடு, எஞ்சின் தகடு, ரீபில்ட் தகடு. மூன்றின் தேதியையும் பேப்பரில் எழுதுங்கள். வண்டியோடு பதிவேடு வந்தால் அதிர்ஷ்டம், அமெரிக்க வண்டிக்கு டிஏ 2408-9 என்ற படிவம். பெரும்பாலும் வராது.

மூன்றாவதுதான் தம்பியின் வண்டிக்கு நடந்தது. குறைந்த ஓட்டம் என்றால் அதிக நிறுத்தம் என்று அர்த்தம். நிறுத்தி வைத்த லாரி ஓய்வெடுப்பதில்லை, உள்ளுக்குள் கெடுகிறது. ஆயில் சீல் காய்ந்து வெடிக்கிறது. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகுகிறது. டீசல் பம்ப் ஒட்டிக்கொள்கிறது. டாங்குக்குள் தண்ணீர் சேர்கிறது. 60,000 மைல் ஓடி, போன வாரம்வரை வேலை செய்த லாரியையும் 9,000 மைல் ஓடிப் பத்து வருடம் மழையில் நின்ற லாரியையும் என் முன்னால் நிறுத்தினால், எதையும் பிரித்துப் பார்க்காமலே முதல் வண்டியைத்தான் எடுப்பேன்.

“ராணுவம் நல்லா பராமரிச்சிருக்கும்” என்பார்கள். பராமரிக்கும், உண்மைதான். ஆனால் அதே ராணுவம் இந்த வண்டியை ஏன் விற்றது என்று கேட்டீர்களா? புது மாடல் வந்து பழையதையெல்லாம் மொத்தமாகக் கழித்தார்கள் என்றால் நல்லது. ரிப்பேர்ச் செலவு வரம்பைத் தாண்டியதால் இந்த ஒரு வண்டியை மட்டும் கழித்தார்கள் என்றால் அது வேறு கதை.

இனி, நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். எதையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எஞ்சினில் கை வைப்பேன். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். அன்றைக்குப் பார்க்கவே மாட்டேன், மறுநாள் காலை வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். நீங்களும் கூச்சப்படாமல் அதையே செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூடேறிய பிறகு ஆயில் மூடியைத் திறந்து, எவ்வளவு மூச்சுத் தள்ளுகிறது என்று பாருங்கள். புஸ்புஸ்ஸென்று புகை முட்டினால் பிஸ்டன் ரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெயிண்டைப் பாராட்டாதீர்கள், படியுங்கள். நான் முதலில் பார்ப்பது கிரீஸ் நிப்பிள். ஒவ்வொரு நிப்பிளின் முனையிலும் ஒரு சின்ன உருண்டை இருக்கும், கிரீஸ் கன்னை அழுத்தினால் உள்ளே போகும். அந்த உருண்டைமேல் பெயிண்ட் உடையாமல் மூடியிருந்தால், பெயிண்ட் அடித்த நாளிலிருந்து யாரும் அங்கே கிரீஸ் அடிக்கவில்லை. தம்பியின் வண்டியில் ஸ்டியரிங் ராடு, ஷாக்கிள், யுனிவர்சல் ஜாயின்ட் என்று பதினொரு நிப்பிள் எண்ணினேன். பதினொன்றும் பச்சை. ரப்பர் ஹோஸ்மேலும் பச்சை. அப்படி இருந்தால் அது மறைப்பதற்காக அடித்த பெயிண்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். (பெயிண்டைத் தேய்த்துப் பார்க்கிற ஆசை வேண்டாம். அமெரிக்க ராணுவ வண்டிகளில் பின்னாளில் அடித்தது ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பெயிண்ட். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

பிறகு தேய்மானம். கிளட்ச் பெடல், அதன் கீழே குதிகால் படும் தரைத்தகடு, கதவுக் கீல், ஏறி இறங்கும் படி. சீட்டை மாற்றிவிடலாம், குதிகால் தேய்த்த இரும்பை யாரும் மாற்றுவதில்லை. மீட்டர் குறைவாகவும் பெடல் வழவழவென்றும் இருந்தால், ஓட்டுநர் பயிற்சிக்கு ஓடிய வண்டியாக இருக்கலாம். ஓட்டம் குறைவு, ஆனால் கிளட்சும் கியரும் ஆயிரம் புதுக் கால்களைப் பார்த்திருக்கும். பின்னால் டிரெய்லர் கொக்கியின் உள்வளைவைத் தடவிப் பாருங்கள். விரல் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், அந்த வண்டி வாழ்நாளில் பாதியைச் சுமை இழுத்தே கழித்திருக்கிறது. சேஸில் ஸ்பிரிங் ஹேங்கர் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, லொடலொடக்கிறதா என்று பாருங்கள்.

டிஃபரன்ஷியல் மூன்றையும் நான் செய்த மாதிரி கீழிருந்து பாருங்கள். மேலே லெவல் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தால் நல்ல ஆயில்தான் தெரியும், தண்ணீர் அடியில் கிடக்கும். ஆற்றைக் கடந்த வண்டியில் ஹப்புக்குள்ளும் இருக்கும். விற்பவர் பிளக்கைத் தொடவிடவில்லையா? நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பிரேக் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். எம்35ஏ2 வண்டியில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஆறு வீல் சிலிண்டருக்கும் ஒரே வழி. எங்கேயோ ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். காரில் இருப்பது போல் மறுபாதி காப்பாற்றாது. அதனால் வாங்கிய அன்றே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போங்கள், எல்லா ஹோஸையும் சிலிண்டரையும் பிரித்துப் பாருங்கள், பிறகு ஓட்டுங்கள். பிரேக் ஆயில் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தால் அது சிலிக்கான் வகை, 1980களிலிருந்து அமெரிக்க ராணுவம் ஊற்றுவது. அதோடு சாதாரண பிரேக் ஆயிலைக் கலக்கவே கூடாது. சிலிக்கான் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது. உள்ளே போன தண்ணீர் தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்கேயே அரிக்கும். தம்பியின் சிலிண்டர்கள் இறுகியது அப்படித்தான்.

டயருக்கு வருவோம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3704 என்றால் 2004ஆம் ஆண்டின் 37வது வாரம். மூன்றே எண் இருந்தால் 2000க்கு முந்தையது. அந்த டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டயரைக் கழற்றி மாட்டும்போதுதான் ஆள் உயிர் போகிறது. பழைய லாரிகளில் ரிம்மைப் பூட்டு வளையம் பிடித்திருக்கும். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் குண்டு மாதிரி பறக்கும். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் காற்றடிக்காதீர்கள். ஹம்வீ (அமெரிக்க ராணுவத்தின் ஜீப் மாதிரி வண்டி) போன்றவற்றில் ரிம் இரண்டு பாதி, நட்டு போட்டு இணைத்தது. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டுகள் ஒரு வட்டம், ரிம்மின் இரண்டு பாதியைப் பிடிக்கும் நட்டுகள் இன்னொரு வட்டம். காற்று இருக்கும்போது வட்டம் மாறிக் கழற்றினால், கழற்றுகிற ஆளின் முகத்தில்தான் ரிம் வந்து அடிக்கும். எந்த நட்டு எது என்று துளி சந்தேகம் இருந்தாலும் முதலில் வால்வைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கும் வரை நில்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

தம்பியின் வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. ஆறு வீல் சிலிண்டரும் கழற்றி மேசைமேல் இருக்கின்றன, நான்கு தேறாது. பின் ஆக்சிலிலும் தண்ணீர் இருந்தது. முன் ஆக்சில் தப்பித்தது. எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. பம்ப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் செய்வேன். நேற்று வந்த தம்பி மீட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்து, நிப்பிள் நிப்பிளாக கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.