‘உணரி’: ஐஏடி சென்சாரைத் தமிழில் சொன்னால்

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. பிழையைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் பி0113 என்ற குறியீடு வருகிறது. “ஐஏடி சென்சார் போச்சு, மாத்திடலாம்” என்கிறார் மெக்கானிக். ஐஏடி என்பது இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்பதன் சுருக்கம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்கப் போனால், மெக்கானிக் சொன்னது சரிதானா என்பதும் கூடவே தெரியவரும்.

முதலில் சென்சார். லத்தீனில் ‘சென்டீரே’ என்றால் உணர்தல். சென்ஸ், சென்டிமென்ட் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. தமிழ் எழுத்தில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. படங்களுக்குக் கத்தரி போடுகிற சென்சாரும் இதே எழுத்துகள்தான். அந்தச் சொல் ‘சென்சேரே’, அதாவது மதிப்பிடுதல் என்ற வேறு வினையிலிருந்து பிறந்தது. பண்டைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, அவர்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். சென்சஸ் என்ற சொல்லுக்கும் அதே மூலம். அதற்குத் தமிழில் தணிக்கை இருக்கிறது. நம் சென்சாருக்கு உணரி.

உணரி புதுச் சொல்தான், ஆனால் அச்சு பழையது. விசிறு என்ற வினையோடு ‘இ’ சேர்ந்தால் விசிறி. துருவினால் துருவி, பாக்கை வெட்டினால் பாக்குவெட்டி. வினைக்குப் பின்னால் வரும் இந்த இகரம் அந்த வேலையைச் செய்யும் கருவியைக் காட்டுகிறது. அப்படித்தான் உணர், உணரி. ‘உணர்த்தி’ என்று வைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். எஞ்சினின் கணினிக்குச் செய்தி சொல்கிற பொருள்தானே? இந்தக் காரியத்தில் அது பொருந்தாது என்பேன். ஐஏடி சென்சார் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. சூட்டுக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொண்டு சும்மா இருக்கிறது, அவ்வளவே. கணினி 5 வோல்ட்டை ஒரு தடை வழியாக அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, வெப்பநிலையைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. உணர்வது ஓர் இடம், கடத்துவது வயர், புரிந்துகொள்வது வேறோர் இடம்.

உள்ளே இருக்கும் பொருளுக்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். தெர்மல், ரெசிஸ்டர் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். வெப்பத் தடையம் என்றால் புரியும். சாதாரண உலோகக் கம்பி சூடேறினால் அதன் தடை கூடும். இது தலைகீழ்: சூடு ஏற ஏறத் தடை இறங்கும். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே கவனித்திருக்கிறார். பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டும் உணரி, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு வந்துவிடும்.

அப்புறம் டெம்பரேச்சர். இதன் லத்தீன் மூலத்துக்குச் ‘சரியான கலவை’ என்று பொருள். சூடும் குளிரும் கலந்த அளவு என்ற எண்ணம். தட்பவெப்பநிலை என்று நாமும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம், பாருங்கள். பழைய பாடநூல்களில் உஷ்ணநிலை என்றிருந்தது இப்போது வெப்பநிலை. ‘நிலை’யை விட்டுவிட்டு வெப்ப உணரி என்று எழுதுவது பிழை. வெப்பம் என்பது ஆற்றல், வெப்பநிலை என்பது ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதன் அளவு.

இன்டேக் என்பதற்கு உள்வாங்கல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குக் கடல் உள்வாங்கியதுதான் நினைவுக்கு வருகிறது. மூச்சுக்குச் சொல்வதுபோல் உள்ளிழுப்பு என்பதே எஞ்சினுக்கும் இயல்பு. ஆக, உள்ளிழுப்புக் காற்று வெப்பநிலை உணரி. நீளம்தான், ஆனால் என்ன வேலை என்று பெயரே சொல்லிவிடுகிறது.

அந்த வேலை ஏன் வேண்டும்? ஒரே அழுத்தத்தில் 0 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. ஆக்சிஜன் எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் பெட்ரோலை அளந்து விட முடியும். காற்று கடுங்குளிர் என்று கணினி நம்பினால் பெட்ரோல் கூடிவிடும். புகை கருக்கும், மைலேஜ் விழும். கொதிக்கிறது என்று நம்பினால் பெட்ரோலைக் குறைத்து, பற்றவைப்பையும் தாமதிக்கும், வண்டி இழுக்காது. பல கார்களில் கணினி சந்தேகப்பட்டு ஒரு பொது மதிப்பை வைத்து ஓட்டிவிடும். அப்போது விளக்கு எரிவதைத் தவிர வேறு வித்தியாசமே தெரியாது.

சரி, மெக்கானிக்கிடம் வருவோம். பி0113 என்றால் அந்தச் சுற்றில் வோல்ட் அதிகம், அதாவது எங்கோ இணைப்பு அறுந்திருக்கலாம். ஸ்கேனரில் காற்று மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். (செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒத்துப்போகும் ஒரே எண் அதுதான்.) பி0112 இதற்கு எதிர்: வயர் எங்கோ ஒட்டிக்கொண்டு, காற்று நூறு டிகிரிக்கு மேல் என்று காட்டும். எந்தக் குறியீடும் ‘உணரி கெட்டது’ என்று சொல்லவில்லை, சுற்றைத்தான் சொல்கிறது.

பி0113 வந்தால், சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு கம்பிகள் மட்டும் உள்ள கனெக்டர் என்றால், வயர் பக்கத்து முனைகள் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். மைனஸ் 40 சட்டென்று மேலே தாவினால் வயரும் கணினியும் நலம், குறை உணரியில். அசையாமல் நின்றால் புது உணரி வாங்கிப் பயனில்லை. என் வண்டியில் இதைச் செய்யாமலே மாற்றினேன். மறுநாளும் விளக்கு எரிந்தது. கடைசியில் கனெக்டருக்குள் ஒரு முனை பச்சை பிடித்துக் கிடந்தது.

குறியீடே வராமல் தவறாக உணர்வதும் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் ஸ்கேனரில் காற்றின் வெப்பநிலையையும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். சந்தேகம் என்றால் உணரியைக் கழற்றி, மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வைத்து, ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். தடை தாவாமல் சீராக இறங்க வேண்டும். எண்ணெய்ப் படலம் மட்டும் என்றால் எலக்ட்ரானிக் கிளீனர் போதும்.

கடையில் கேட்கும்முன் ஒன்று. பல வண்டிகளில் இது தனி உருப்படி கிடையாது. காற்றின் நிறையை அளக்கும் உணரிக்குள்ளோ, அழுத்த உணரியோடு சேர்ந்தோ இருக்கும். கனெக்டரில் நான்கு, ஐந்து கம்பிகள் தெரிந்தால் அந்த வகை. அதில் மேலே சொன்ன கம்பி வித்தையைக் குருட்டாம்போக்கில் செய்யாதீர்கள், எந்த முனை எது என்று வயரிங் படத்தைப் பார்த்த பிறகே தொடுங்கள்.