பனியன் கம்பெனியில் உள்ளகக் குழு: புகார் கொடுக்கும் முன் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளும் கோவை, ஈரோடு மாவட்டத்து நூற்பாலைகளும் பெண்களின் உழைப்பில்தான் ஓடுகின்றன. ஆனால் அப்பெண்களின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுப்பவர்கள் மேனேஜரும் கான்ட்ராக்டரும்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தில் பெண்களுக்கு இடம் கொடுத்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவரும் உறுப்பினர்களில் பாதிப் பேராவதும் பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் பற்றி இவ்வளவு போதும்.

பெண்கள் முதலில் ஏமாறுவது இந்த 10 பேர் கணக்கில்தான். “எங்கள் ரோலில் எட்டுப் பேர்தான், மற்றவர்கள் கான்ட்ராக்ட்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள், தினக்கூலிகள், பயிற்சிக்கு வந்தவர்கள், ஆண்கள் என எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஊர் ஊராக யூனிட் வைத்திருக்கும் கம்பெனி, தலைமை அலுவலகத்தில் மட்டும் குழு இருப்பதாகச் சொன்னாலும் செல்லாது. வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டிய குழு உறுப்பினர் பட்டியலை நிதானமாகப் படியுங்கள்; பையர் ஆடிட்டுக்காக, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தின் சோதனைக்காக, ஒட்டிய அந்தத் தாளில், எப்போதோ வேலையை விட்டுப் போன பெண்ணின் பெயர் இன்னமும் உறுப்பினராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அடுத்தது காலக்கெடு. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. “பார்த்துக்கொள்கிறோம்” என்ற பதிலை நம்பிக் காத்திருந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் கடமை. ஆறு பிரதி கொடுங்கள்; உங்கள் பிரதியில் தேதியுடன் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

மிகவும் கோபம் வரவழைப்பது சமரசம் என்ற பெயரில் நடப்பது. “பெருசு பண்ணாத அம்மிணி, பேசி முடிச்சுக்கலாம்” என்பார்கள். பிறகு சம்பளப் பாக்கியையும் வெள்ளைத் தாளையும் ஒரே மேசையில் வைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் மட்டுமே சமரசம் பேசலாம், அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசக் கூடாது. நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேலேயே நடவடிக்கை வரும் என்ற மிரட்டலும் பொய். நிரூபிக்க முடியாமற்போன ஒரே காரணத்துக்காகப் புகார்தாரர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது.

புகார் முதலாளி மீதே என்றாலும், 10 பேருக்குக் குறைந்த பவர் டேபிள் தையல் கூடம், பிற கம்பெனி வேலையைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் கூடம் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக்களோடு மனுவாகக் கொடுத்தால், அது பல மேசைகளைச் சுற்றிவிட்டுத் துன்புறுத்தியவரின் கம்பெனிக்கே விளக்கம் கேட்டுப் போய்ச் சேரக்கூடும். புகாரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்வது அங்கே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. “உள்ளூர்க் குழுவுக்கான புகார்” என்று உறையின் மேல் எழுதி ஒட்டி, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வழி தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் “கமிட்டிக்குப் போ” என்பார்கள், கமிட்டியில் “ஸ்டேஷனுக்குப் போ” என்பார்கள். இரண்டு இடத்திலும் கொடுக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

விசாரணை முடிய 90 நாள் வரை ஆகலாம். அதுவரை அதே லைனில் அதே ஆளின் கீழே உட்கார்ந்து தைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களையோ அவரையோ வேறிடத்துக்கு மாற்றும்படியும், 3 மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரும்படியும் குழுவிடம் கேட்கலாம். நீங்கள் எழுதிக் கேட்டால்தான் குழு இதைப் பரிந்துரைக்கும் என்பதால், புகாரோடு சேர்த்து அன்றே அந்தக் கோரிக்கையையும் கொடுத்துவிடுங்கள்.